கவ்வாயியைத் தூங்க விடுங்கள்

கொடைக்கானல் மலையில் ஒரு குளம். குளக்கரையில் ஒரு வீடு. அந்த வீட்டின் சன்னல் திட்டில் ஒரு பல்லியும் ஓர் ஈப்பிடிச் செடியும் உயிர்த்தோழிகளாக வாழ்ந்து வந்தன.

பல்லியின் பெயர் பவளம். செடியின் பெயர் கவ்வாயி. கவ்வாயிக்கு மொத்தம் ஏழு வாய்கள். ஒவ்வோர் இலையின் நுனியிலும் ஒரு வாய், வாயைச் சுற்றிலும் சீப்பு போலப் பற்கள். ஈ வந்து உட்கார்ந்தால் 'டப்' என்று மூடிக்கொள்ளும். பவளம் ஈக்களைத் துரத்தும். பவளத்திடம் தப்பிய ஈ, தப்பிவிட்ட சந்தோஷத்தில் நேராகக் கவ்வாயியின் வாயில் போய் இறங்கும். இரண்டு பேருக்கும் சாப்பாட்டுக்குக் குறைவே இல்லை.

கார்த்திகை பிறந்தது. வீட்டுக்கார அம்மா செடித் தொட்டியைக் குளிர்ந்த கண்ணாடியின் ஓரமாக நகர்த்தி வைத்தார். தட்டில் கொஞ்சம் மழைத்தண்ணீர் ஊற்றினார். பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு மதுரைக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

மார்கழியில் கவ்வாயியின் வாய்கள் ஒவ்வொன்றாகக் கறுக்க ஆரம்பித்தன. ஏழு வாய் நான்கு வாய் ஆனது.

பவளம் பதறிப் போனது. "கவ்வாயி! உனக்கு என்னடி ஆச்சு?"

கவ்வாயி நான்கு வாயாலும் ஒரே நேரத்தில் கொட்டாவி விட்டது. "ஒன்றுமில்லை பவளம். குளிர்காலம் வந்தால் எனக்கு..."

"பேசாதே! இருக்கிற தெம்பும் போய்விடும்!"

"இல்லையடி, நான் சொல்ல வருவது..."

"உஷ்! வாயை மூடு! நான்கையும் மூடு! எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்!"

பவளம் ஓடிப்போய், சமையலறையில் குடியிருந்த சடையன் எலியை அழைத்து வந்தது. சடையன் தன்னை ஒரு பெரிய வைத்தியனாக நினைத்துக்கொண்டிருந்தது. அது தொட்டியை மூன்று முறை சுற்றி வந்தது. மீசையைத் தடவியது.

"இது பசி நோய்! உடனே ஏதாவது கொடுக்க வேண்டும்!"

"என்ன கொடுப்பது?"

"நான் பசித்தால் என்ன சாப்பிடுவேனோ, அதைத்தான்!"

சடையன் அலமாரியிலிருந்து ஒரு துண்டு கேக்கைத் தூக்கி வந்து கவ்வாயியின் ஒரு வாயில் திணித்தது.

"எனக்குக் கேக் பிடிக்..." என்று ஆரம்பித்தது கவ்வாயி. வாயில் கேக் இருந்ததால் மற்றது யாருக்கும் புரியவில்லை.

"கேக் பிடிக்குமாம்!" என்று பவளம் குதித்தது.

இரண்டே நாளில் கேக் பூஞ்சை பிடித்தது. அந்த வாயும் அழுகிப் போனது. மிச்சம் மூன்று வாய்.

பவளம் அழுதுகொண்டே பக்கத்து வீட்டுக் கோழியைத் தேடி ஓடியது. செல்லத்தாயிக் கோழி உடைந்த பின்கதவு வழியாக உள்ளே வந்து, அலகால் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தது.

"ஐயோ, பனிக்கட்டி மாதிரி இருக்கிறதே! இந்தப் பிள்ளைக்குக் குளிர்! நான் பதினோரு முட்டைகளை அடைகாத்தவள். ஒரு தொட்டியை அடைகாக்க மாட்டேனா?"

மூவரும் சேர்ந்து தொட்டியைக் கண்ணாடியை விட்டு வெதுவெதுப்பான மூலைக்குத் தள்ளினார்கள். செல்லத்தாயி இரண்டு இறக்கைகளாலும் தொட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது. மூன்று நாள் எழுந்திருக்கவே இல்லை.

"பொரிந்துவிட்டதா?" என்று சடையன் தினமும் வந்து கேட்டது.

"இன்னும் இல்லை!" என்றது கோழி.

கவ்வாயியால் தூங்கவும் முடியவில்லை, விழிக்கவும் முடியவில்லை. அதன் இலைகள் வெளிறிப் போயின. போதாக்குறைக்குப் பவளம் நாள் முழுதும் ஈக்களைப் பிடித்து வந்து தோழியின் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வாய் கறுத்தது. மிச்சம் இரண்டு.

அப்போது சன்னல் கம்பியிலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது.

"போதும், நிறுத்துங்கள்! அவள் சாகவில்லை! தூங்கப் பார்க்கிறாள்!"

சிங்காரி என்ற ஈதான் அப்படிக் கத்தியது. அதன் சித்தப்பா, அத்தை, ஒன்றுவிட்ட அண்ணன்கள் எல்லோரும் அந்த வாரம்தான் பவளத்திடம் சிக்கியிருந்தார்கள்.

சடையன் விழுந்து விழுந்து சிரித்தது. "ஈப்பிடிச் செடிக்கு ஈ வைத்தியம் சொல்கிறது!"

"எங்களுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? பிறந்த நாளிலிருந்து நாங்கள் இவளைப் பற்றி மட்டும்தான் படிக்கிறோம்! குளிர்காலம் மூன்று மாதம் இவள் சாப்பிட மாட்டாள். குளிர்ந்த இடத்தில் தூங்குவாள். வாய் மூடவே மூடாது! வேண்டுமானால் பாருங்கள்!"

சிங்காரி பறந்து வந்து கவ்வாயியின் வாய்க்குள் இறங்கியது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு சுற்று ஆடியது.

டப்!

வாய் மூடிக்கொண்டது.

எல்லோரும் திகைத்து நின்றார்கள். பற்களின் இடுக்கிலிருந்து சிங்காரி அலறியது. "சூடு! கோழி சூடுபடுத்திவிட்டது! அதனால்தான் வாய் வேலை செய்கிறது! நான் சொன்னது என்னவோ சரிதான்! காப்பாற்றுங்கள்!"

"நல்ல சாப்பாடு. உள்ளேயே இருக்கட்டும்!" என்றது சடையன்.

பவளம் தயங்கியது. உள்ளே இருப்பது ஈ. தோழியோ உயிருக்குப் போராடுகிறாள். அப்போது கவ்வாயி முனகியது. மிச்சமிருந்த ஒரே ஒரு வாயால் முனகியது. பவளம் முதல் முறையாகக் குறுக்கே பேசாமல் காதைப் பக்கத்தில் கொண்டு போனது.

"அவள் சொல்வதுதான் சரி. இதை மென்று தின்ன எனக்குத் தெம்பில்லை. தூக்கம் வருகிறது என்று மூன்று வாரமாகச் சொல்ல வருகிறேன். ஒருத்தராவது என்னைப் பேச விட்டீர்களா?"

பவளத்துக்கு வெட்கத்தில் வால் கழன்று விழுந்துவிட்டது. ஆனாலும் அது நேரத்தை வீணாக்கவில்லை. தலையைப் பற்களுக்கு நடுவே நுழைத்து, தம் கட்டி நெம்பியது. சிங்காரி வெளியே பாய்ந்து, கூரைக்கே போய் ஒட்டிக்கொண்டது. மூச்சு வந்ததும் அங்கிருந்தே உத்தரவு போட்டது.

"கோழியே, இறங்கு! எலியே, கறுத்த இலைகளைக் கடித்து அப்புறப்படுத்து! தொட்டி கண்ணாடி ஓரமாகப் போகட்டும்! மண் ஈரமாக இருந்தால் போதும், குளமாக்க வேண்டாம்!"

எல்லாம் அப்படியே நடந்தது. கவ்வாயி தூங்கிப் போனது.

அதற்குப் பிறகுதான் உண்மையான கஷ்டம். சும்மா இருக்க வேண்டுமே! செல்லத்தாயி இரண்டு முறை திருட்டுத்தனமாக அடைகாக்க வந்தது. சடையன் ஒரு முறுக்கோடு வந்து மாட்டிக்கொண்டது. பவளம் எல்லோரையும் விரட்டியது. தட்டில் தண்ணீர் வற்றியபோது மட்டும், சடையனை விட்டு அந்தத் தட்டைச் சன்னலுக்கு வெளியே தள்ளி மழைத்தண்ணீர் பிடிக்க வைத்தது.

மாசி மாதம் வெயில் கண்ணாடியில் ஏறியது. மண்ணிலிருந்து பச்சைப் பசேலென்று ஒரு குட்டி வாய் எட்டிப் பார்த்தது. அடுத்து இன்னொன்று. மொத்தம் ஒன்பது!

கவ்வாயி ஒன்பது வாயாலும் சோம்பல் முறித்தது. "ஆகா, என்ன சுகமான தூக்கம்! என்னை நிம்மதியாகத் தூங்க விட்டது யார்?"

"சிங்காரி ஈ!" என்றார்கள் எல்லோரும்.

"அடடா, நல்லவள்! கூப்பிடுங்கள் அவளை. இங்கே பக்கத்தில் வந்து உட்காரட்டும், நன்றி சொல்ல வேண்டும்!"

"அங்கிருந்தே சொல்! எனக்குக் காது நன்றாகவே கேட்கும்!" என்று கூரையிலிருந்து பதில் வந்தது.

ஒருவருக்கு உதவப் போகிறவர், அவருக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டும். கேட்டபின் அவரைப் பேசி முடிக்கவும் விட வேண்டும்.