பட்டத்தைப் பிடித்திருந்தவர்

“நான் அவனைக் கொன்னேனா, இல்லையா? அது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும் டீச்சர்.”

மதலேன் பெரிய பட்டமொன்றின் குழலுக்குள் காற்றடித்துக்கொண்டிருந்தாள். பம்பை நிறுத்தவில்லை.

“யாரை அண்ணாச்சி?”

“கஸ்பாரை.”

அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும். பலகைமேல் நின்று, பட்டம் இழுக்க, கடல்மேல் ஓடும் வித்தையை அவள் அந்தக் கரையில்தான் கற்றுக்கொடுக்கிறாள். அவளுடைய கொட்டகைச் சுவரில் போன வாரம் ஒரு கல்வெட்டு பதித்திருந்தார்கள். ‘இந்தக் கரையின் முன்னோடிகள்: கஸ்பார், லிகோரி.’ கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி. கஸ்பார் எதிர்பாராத காற்றில் உயிர் நீத்தார்.

விழாவில் லிகோரிக்குச் சால்வை போட்டார்கள். ஐம்பத்தாறு வயது மனிதர், போட்ட சால்வையோடு அந்த ஒரு வரியையே வாசித்துக்கொண்டு நின்றார். அதன்பிறகு ஏழு நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“அதை என்கிட்ட ஏன் கேக்கறீங்க? நான் அப்ப பள்ளிக்கூடம் போயிட்டிருந்தேன்.”

“மத்தவங்ககிட்ட எல்லாம் கேட்டாச்சு. சாமியார் தேவ சித்தம்னாரு. கஸ்பார் பெஞ்சாதி என் கையைப் பிடிச்சு, நீங்க என்ன அண்ணே செய்வீங்கன்னு அழுதா. மன்னிப்பு எனக்கு ஊர் முழுக்கக் கிடைச்சாச்சு டீச்சர். பதில்தான் கிடைக்கல.”

மதலேன் பம்பைப் பிடுங்கி, குழலின் வாயை மூடினாள்.

“சொல்லுங்க.”

லிகோரி மணலில் உட்கார்ந்தார்.

அந்த நாளில் இந்த வித்தைக்குப் பெயரே கிடையாது. உலகத்தில் அங்கங்கே சில பைத்தியங்கள் இதே வேலையாக இருந்தார்கள் என்பதும் இவர்களுக்குத் தெரியாது. சங்கு குளிக்கிற கஸ்பார், சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிற லிகோரி, ஒரு பழைய பாரசூட் துணி. அவ்வளவுதான் கைமுதல்.

முதல் பட்டம் கடலில் விழுந்ததும் தண்ணீரைக் குடித்து மூழ்கிப்போனது. இரண்டாவதும் அப்படியே. காற்று ஆளையும் பட்டத்தையும் தூரத்தில் கொண்டுபோய்ப் போடுவதற்குப் பத்து நிமிஷம் ஆகும். ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையோடு திரும்பி நடக்க ஒன்றரை மணி நேரம். வழியெல்லாம் வலை உலர்த்துகிறவர்கள், “என்னலே, இன்னைக்கும் மீன் துணியாத்தான் கிடைச்சுதா?” என்று கேட்பார்கள்.

சைக்கிள் டியூப்பை ஒட்டி, காற்றடைத்து, பட்டத்தின் முன்விளிம்பில் வைத்துத் தைத்தால் மிதக்குமே என்று கண்டுபிடித்தது லிகோரி. அதைத் தைத்து முடிக்க மூன்று மாதம் ஆனது.

“அன்னைக்கு ஆடி மாசம் முதல் வெள்ளி” என்றார் லிகோரி. “மேக்கேருந்து கச்சான் காத்து கரையோட வந்துச்சு. கஸ்பார் தண்ணி ஓரத்துல நின்னான். கயித்தை இடுப்புல முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தான். கழட்டிவிட ஒரு வழி வேணுமேன்னு அப்ப எங்க ரெண்டு பேருக்கும் தோணல. நான் இங்க, மேட்டுல, பட்டத்தைத் தூக்கிப் பிடிச்சிருந்தேன். நடுவுல முப்பது பாகம் நீளத்துக்குக் கயிறு. அவன் கையைத் தூக்கிக் கத்தினான். ‘விடுலே! புதுப் பொண்டாட்டி மாதிரி புடிச்சுக்கிட்டு நிக்க!’ விட்டேன்.”

“அப்புறம்?”

“கண் மூடித் திறக்கறதுக்குள்ள பெருங்காத்து வந்துடுச்சு. ஆளை அப்படியே தூக்கிக்கொண்டு போய்…”

கிழக்கே கையைக் காட்டினார். கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவின் கருங்கற்கள் அங்கே கிடந்தன. அலை அவற்றின்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மதலேன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

“அண்ணாச்சிக்குப் பட்டம் பிடிக்கத் தெரியும்தானே?”

“தெரியும்… அன்னைக்கு அப்புறம் தொட்டதில்ல.”

“பெரிய முன்னோடின்னு கல்லுல எழுதியிருக்கு. எழுந்திரிங்க.”

பட்டத்தை அவர் கையில் கொடுத்தாள். பட்டத்தின் நீளக் கயிறுகளைப் பூட்டியிருந்த அவளுடைய வயிற்றுப் பட்டையிலிருந்து ஒரு சின்னக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. ஆபத்தென்றால் பட்டத்தின் வேகத்தைக் கொன்று ஆளைக் காப்பாற்றுகிற கயிறு. அதைக் கழற்றி மணலில் போட்டாள்.

“டீச்சர், அந்தக் கயிறு…”

“கிடக்கட்டும். நான் கட்டைவிரலைத் தூக்கினா விட்டுடணும். சரியா?”

பதிலுக்குக் காத்திராமல் நடந்தாள். நீரோரத்தில் நின்று திரும்பினாள். இப்போது அவளுக்கு முகம் கரையைப் பார்த்து, முதுகு கடலைப் பார்த்து. கயிறுகள் விறைத்தன.

கட்டைவிரல் உயர்ந்தது.

லிகோரியின் கையில் பட்டம் படபடத்தது.

விட்டுவிடத்தான் இருந்தார்.

அப்போது மதலேனின் தோளுக்குப் பின்னால், மேற்கே, தண்ணீரின் நிறம் மாறுவதைப் பார்த்தார். வெளிர்பச்சைக் கடலின்மேல் ஒரு கறுப்பு, பெருங்காற்று தண்ணீரை உரசி வரும் கறுப்பு. யாரோ ஈரச் சாக்கை இழுத்து வருவதுபோல அது கரையோடு வந்துகொண்டிருந்தது.

“டீச்சர்! கையை இறக்குங்க!”

காற்று அந்தச் சத்தத்தை வாயிலிருந்தே பறித்துக்கொண்டு போனது. கட்டைவிரல் இறங்கவில்லை.

கறுப்பு வந்தது. அவர் அறியாமலே உதடு எண்ண ஆரம்பித்திருந்தது. நாலு. அஞ்சு. வந்துகொண்டேயிருந்தது. ஒன்பது. பத்து. இன்னும் வந்து சேரவில்லை.

பதினாலில் அடித்தது.

பட்டம் அவரைக் குப்புறத் தள்ளியது. முழங்கால் மணலில் உழுதுகொண்டு போயிற்று. விரல்நகம் ஒன்று பெயர்ந்தது. விடவில்லை. நெஞ்சோடு அதை அணைத்துக்கொண்டு, கண்ணை மூடாமல், காற்று கடந்துபோகும் வரை கிடந்தார்.

பிறகு பட்டத்தைக் கவிழ்த்து, மேலே மணலை அள்ளிப் போட்டுவிட்டு நீரோரத்துக்கு நடந்தார். அந்தத் தூரத்தை நடப்பதற்குள் இரண்டு தடவை நின்றார்.

மதலேன் அதே இடத்தில் நின்றாள்.

“ஏன் விடல? நான் விரலைத் தூக்கினேனே.”

“கறுப்பு வந்துச்சு.”

“எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

“எப்படித் தெரியும்? நீங்க கடலுக்கு முதுகைக் காட்டில்ல நின்னீங்க.”

சொன்ன பிறகுதான் லிகோரிக்கு உறைத்தது, கஸ்பாரும் அப்படித்தான் நின்றிருந்தான்.

“அது வந்து சேர எவ்வளவு நேரம் ஆச்சு அண்ணாச்சி?”

“பதினாலு எண்ணினேன்.”

“அன்னைக்கு?”

லிகோரி கடலைப் பார்த்தார். அலை வந்து அவர் பாதத்துக்குக் கீழே இருந்த மணலைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனது. அடுத்த அலையும் கொஞ்சம் எடுத்தது. இருபத்தேழு வருஷமாக இந்தக் கதையை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார். போலீஸ்காரருக்கு, சாமியாருக்கு, கஸ்பார் பெஞ்சாதிக்கு, தன் மனைவிக்கு. ஒவ்வொரு தடவையும் காற்று கண் மூடித் திறப்பதற்குள்தான் வந்தது. ஒரு தடவைகூட அதற்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டதில்லை.

“அன்னைக்கும் இருந்துச்சு” என்றார்.



“பாத்தேன் டீச்சர். அவன் கத்தறதுக்கு முன்னாடியே பாத்தேன். இதைவிடப் பெரிய கறுப்பு.”

“ம்.”

“மூணு மாசமாத் தைச்ச பட்டம். அன்னைக்கு விடியக்காலையில இருந்து காத்து மந்தமாவே இருந்துச்சு. அந்தக் கறுப்பு வந்தா தூக்கிடும்னு தோணுச்சு. தூக்குதா இல்லையான்னு எனக்குப் பாக்கணும். அவன் விடுலேன்னான். அது எனக்குச் சௌகரியமாப் போச்சு.”

லிகோரி தூண்டில் வளைவின் பக்கம் திரும்பினார்.

“தூக்குச்சு டீச்சர். எவ்வளவு அழகாத் தூக்குச்சு தெரியுமா? அவன் கல்லுல போய் விழற வரைக்கும் நான் பட்டத்தைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்.”

மதலேன் அவர் தோளைத் தொடவில்லை. அழாதீங்க என்றும் சொல்லவில்லை. ரத்தம் கசிந்த விரலை மட்டும் ஒரு நொடி பார்த்தாள்.



“காத்து இன்னும் இருக்கு” என்றாள் கடைசியில். “போய்ப் பட்டத்தை எடுங்க.”

“நானா?”

“வேற யாரு இருக்கா இங்க?”

“இவ்வளவும் கேட்ட பிறகுமா டீச்சர்?”

அவள் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, கட்டைவிரலை உயர்த்தினாள்.

லிகோரி மேட்டுக்கு ஏறினார். பட்டத்தின்மேல் கிடந்த மணலைத் தட்டிவிட்டார். அதைத் தூக்கிப் பிடித்தார்.

பிறகு கடலைப் பார்த்தார்.