ஹெட்மாஸ்டர் போட்ட முட்டுக்கட்டை

"டீச்சர், திறந்து வச்சாலும் தப்பு, பூட்டி வச்சாலும் தப்புன்னா நான் என்னதான் செய்யணும்?"

கோமதிநாயகம் இப்படிக் கேட்டபோது, தமயந்தி டீச்சர் நீர்மோர்ப் பந்தலில் நின்று இரண்டாவது குவளை மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

ஆலங்குறிச்சியில் அன்று தேரோட்டம். மேளம் ஒரு பக்கம், வேட்டு ஒரு பக்கம், பீப்பீ விற்கிறவர்கள் ஒரு பக்கம். ஊரே தெருவில் நின்றது.

தேரும் நின்றது. அதுதான் வயிற்றெரிச்சல்.

கோமதிநாயகம் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். வயது அறுபத்துமூன்று. டீச்சருக்கு முப்பத்தொன்று. நூலக மாடியில் டீச்சர் நடத்தும் கணினி வகுப்பில், முதல் பெஞ்சில் உட்கார்ந்து தரவு மென்பொருள் கற்றவர் இவர். ஹெட்மாஸ்டருக்கே டீச்சரா என்று ஊர் கேலி பண்ணியது. பண்ணட்டுமே. கற்றுக்கொடுத்தவர் டீச்சர், இதில் வயது எங்கே வந்தது என்று அவர் போய்க்கொண்டே இருந்தார்.

அந்த வகுப்பில் பிறந்ததுதான் தேர்ப்பலகை.

தேர் போகும் வழியில் பன்னிரண்டு இடங்கள். இடத்துக்கு மூன்று கட்டங்கள். கம்பி, வீதி, கட்டை. குறுக்கே போகும் மின்கம்பியைக் கழற்றியாயிற்றா? வீதியில் வண்டியும் கடையும் ஒதுங்கியாயிற்றா? சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்கள் தயாரா? மூன்றும் பச்சையானால்தான் கொடி அசையும், தேர் நகரும். பலகையை எல்லோரும் அவரவர் செல்போனிலேயே பார்க்கலாம்.

"போன வருஷம் எல்லாருக்கும் திறந்து வச்சேன். யார் வேணும்னாலும் மாத்தலாம்னு."

"என்ன ஆச்சு?"

"உங்களுக்குத்தான் தெரியுமே, டீச்சர்."

"தெரியும். நீங்க சொல்லுங்க."

கோமதிநாயகம் குரலைத் தாழ்த்தினார்.

"விழாக் கமிட்டியில ஒருத்தர். நல்ல மனுஷன். பச்சையெல்லாம் மேல, சிவப்பெல்லாம் கீழ வந்தா பாக்க லட்சணமா இருக்குமேன்னு நினைச்சிருக்கார். கம்பி வரிசையை மட்டும் தனியா அடுக்கி வச்சுட்டார். வேற ஏதோ இடத்துப் பச்சை, மேலவீதி முக்குக்கு வந்து உக்காந்துருச்சு. அங்க கம்பியில கரண்ட் ஓடுது. தேர் கிளம்பிருச்சு."

"அப்புறம்?"

"லைன்மேன் மரியசெல்வம் கம்பத்து மேல இருந்து கத்தினார். ஒரு கை நீளம், டீச்சர். கம்பிக்கும் தேர்க் கலசத்துக்கும் ஒரு கை நீளம்தான் இருந்துது. தேர் மேல இருபது பேர்."

தேர்ப்பலகை கோமதிநாயகத்தின் யோசனை. அந்த இருபது பேரும் அவர் கணக்கில்தான் போயிருப்பார்கள்.

"அதனால இந்த வருஷம் பூட்டிட்டேன். ஒருத்தரும் தொட முடியாது. எனக்குப் போன் பண்ணிச் சொல்லணும். நான் விசாரிச்சு, என் விரலால மாத்துவேன்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. எடுப்பதற்குள் இன்னொன்று. அது முடிவதற்குள் மூன்றாவது.

"பாருங்க. முப்பத்தாறு கட்டத்துக்கும் நான் ஒருத்தன். ஏழு மணிக்குக் கிளம்பின தேர், இப்ப மணி பத்தரை. மூணு இடம்தான் தாண்டியிருக்கு. ராகுகாலம் மூணு மணிக்கு. அதுக்குள்ள நிலைக்கு வரலைன்னா என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டிருவாங்க. மறுபடி திறந்து விட்டா, யாராவது செத்துப்போவாங்க."

கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. விழாக் கமிட்டித் தலைவர் வன்னியப்பன் அண்ணாச்சியின் குரல். அவருக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

"தேருக்கு ஆசாரி முட்டுக்கட்டை போட்டுப் பாத்திருக்கேன். இந்த வருஷம் ஹெட்மாஸ்டர்லா போடுதாரு!"

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கோமதிநாயகம் தலையைக் குனிந்துகொண்டார்.

டீச்சரும் சிரித்தார். அதுதான் கோமதிநாயகத்துக்கு ரொம்ப வலித்தது.

"அந்த வார்த்தை வலிக்குதா, சார்?"

"வலிக்காம?"

"அடுத்த இடத்தைப் பச்சை பண்ணுங்க."

அவர் விசாரித்துப் பச்சையாக்கினார். கொடி அசைந்தது.

டீச்சர் கையை நீட்டினார். அவர் போனைக் கொடுத்தார். டீச்சர் அதை அமைதிப்படுத்தித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"ஐயோ டீச்சர்!"

"வாங்க."

வடம் விறைத்தது. "தாயே!" என்று ஆயிரம் தொண்டைகள் ஒன்றாய்க் கிளம்பின. தரை அதிர்ந்தது. கோமதிநாயகத்துக்கு உள்ளங்கால் வழியாகச் சிலிர்ப்பு ஏறியது. ஊரில் பிறந்து வளர்ந்தவர், ஆனாலும் தேர்ச் சக்கரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் அவர் நின்றதே இல்லை. ஹெட்மாஸ்டர்களுக்கு மேடையில்தான் நாற்காலி போடுவார்கள்.

சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, கட்டையைக் கையில் பிடித்தபடி ஆவுடையப்பன் ஆசாரி குனிந்து நடந்துகொண்டிருந்தார். கண் சக்கரத்தை விட்டு அகலவில்லை. தெரு திரும்பும் இடம் வந்ததும் கட்டையைச் சாய்வாக வைத்து, காலால் ஓர் உதை.

சக்கரம் முனகியது. அவ்வளவு பெரிய தேர் அந்த ஒற்றைக் கட்டையில் சாய்ந்து, மெல்லத் திரும்பி, அடுத்த வீதியைப் பார்த்து நின்றது.

ஊர் ஆர்ப்பரித்தது.

டீச்சர் கோமதிநாயகத்தின் முதுகில் ஒரு விரலால் தள்ளினார். கேளுங்கள் என்று அர்த்தம்.

"ஆசாரியாரே, கட்டை போடறது தேரை நிறுத்தத்தானே?"

ஆசாரி துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"நிறுத்த மட்டும்னா ஒரு பாறாங்கல்லு போதுமே, சார். இது திருப்புறதுக்கு."

"எப்ப போடணும்னு யாரு சொல்லுவா?"

"யாரு சொல்லணும்? சக்கரம் என் கண்ணு முன்னால உருளுது. கேட்டுக் கேட்டுப் போட்டேன்னா என் காலு இருக்காது."

"அந்தப் பக்கத்துச் சக்கரம்?"

"அதை மூக்கையா பாத்துக்கிடுவான்."

"அவர் சரியா வைக்கலைன்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா, போய் மாத்தி வைப்பீங்களா?"

ஆசாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். இவர் எப்படிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார் என்கிற பார்வை அது.

"அங்க என்ன நடக்குன்னு இங்க நிக்கிற எனக்கு எப்படித் தெரியும்? நிறுத்துன்னு கத்துவேன். நிறுத்தச் சொல்ல எல்லாருக்கும் தொண்டை இருக்கு, சார். போகச் சொல்லணும்னா சக்கரத்துப் பக்கத்துல நிக்கணும்."

கோமதிநாயகம் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"டீச்சர்!"

"ம்."

"டீச்சர், எனக்கு... கோயில் அலுவலகத்துக் கணினி வேணும்!"

ஹெட்மாஸ்டர் ஓடி அந்த ஊர் பார்த்ததில்லை. அன்று பார்த்தது. வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, பலூன்காரரை இடித்து, பஞ்சுமிட்டாய்க்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, செருப்பு ஒன்று எங்கேயோ போக, ஓடினார்.

கணினிமுன் உட்கார்ந்தபோது மூச்சு வாங்கியது. விரல்கள் மட்டும் துள்ளின.

"வரிசையை ஒருத்தரும் அடுக்க முடியாது. அதைப் பூட்டியாச்சு. கம்பிக் கட்டம் லைன்மேனுக்கு. அந்தந்தக் கம்பத்துல ஏறுறவர் மட்டும் பச்சை பண்ணலாம். வீதிக் கட்டம் அந்த வீதியில நிக்கிறவங்களுக்கு. கட்டைக்கு ஆசாரி. சிவப்பு மட்டும், டீச்சர், சிவப்பு மட்டும் எல்லாருக்கும்! யார் வேணும்னாலும் சிவப்பாக்கலாம். திரும்பப் பச்சையாக்க அந்த இடத்து ஆள்தான் வரணும்!"

பள்ளியில் முதல் பரிசு வாங்கிய பையனின் முகம் அவருக்கு வந்திருந்தது. டீச்சர் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

"ஒரு பேரு மிச்சம் இருக்கே, சார்."

"யாரு? எல்லாரையும் பிரிச்சுக் கொடுத்துட்டேனே."

"எல்லாக் கட்டத்துலயும் பச்சை பண்ண ஒருத்தருக்கு உரிமை இருக்கு."

அவர் தேடினார். தன் பெயரைக் கண்டார்.

"அது நான்தானே!"

"எந்தச் சக்கரத்துப் பக்கத்துல நிக்கிறீங்க?"

"நான் பொறுப்பாளர், டீச்சர். அவசரம்னு ஒண்ணு வந்தா? நான் தப்பு பண்ணுவேனா?"

டீச்சர் மேசைமேல் கிடந்த விசிறியை எடுத்து விசிறிக்கொண்டார்.

முப்பத்தைந்து வருஷம் சாவிக்கொத்தை இடுப்பில் வைத்திருந்த மனிதர் அவர். ஆய்வகச் சாவி, பீரோச் சாவி, மணியடிக்கும் அறையின் சாவிகூட. தன் பெயருக்கு நேரே இருந்த அடையாளத்தை எடுக்க அவருக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. அழுகையே வந்தது. எடுத்துவிட்டார்.

இனி அவரும் ஊரில் ஒருவர். பார்க்கலாம், சிவப்பாக்கலாம். அதற்குமேல் வேண்டுமென்றால் மறுபடி இந்தக் கணினிக்குத்தான் வர வேண்டும்.

டீச்சர் ஜிப்பைத் திறந்து போனைக் கொடுத்தார்.

அதன்பிறகு தேர் போன போக்கு இருக்கிறதே!

ஐந்தாவது இடம் பச்சை. ஆறாவது பச்சை. கோமதிநாயகத்தின் போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. ஏழாவது இடத்தில் ஜிகர்தண்டா கடைக்காரர் ஒருவர், பக்கத்துக் கட்டடத்தின் சாரம் சரிவதைப் பார்த்துச் சிவப்பாக்கினார். தேர் நின்றது. சாரத்தைத் தூக்கிக் கட்டினார்கள். வீதிக்காரர் பச்சையாக்கினார். தேர் கிளம்பியது. ஹெட்மாஸ்டரைக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவர் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். கை சும்மா இருந்ததால் வடத்தைப் பிடித்தார். அறுபத்துமூன்று வயதில் முதல் தடவை!

இரண்டு மணிக்கு மேலவீதி முக்கு வந்தது. போன வருஷத்து அதே இடம்.

வீதி பச்சை. கட்டை பச்சை. கம்பி சிவப்பு.

கூட்டம் காத்திருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. கம்பி இருக்கும் இடத்தைத் தேர்ச்சீலை மறைத்துக்கொண்டிருந்தது. பத்து நிமிஷம் ஆயிற்று. கால்மணி ஆயிற்று.

போன் அடித்தது. வன்னியப்பன் அண்ணாச்சி.

"சார்வாள்! கரண்டை நிறுத்தி அரைமணி ஆச்சு! அந்த லைன்மேன் பச்சை பண்ண மறந்துட்டான் போல. ராகுகாலம் வருது, ஒரு பொம்பளை மயங்கி விழுந்துட்டா. நீங்க மாத்துங்க!"

"அண்ணாச்சி, அது வந்து..."

"மாத்துங்கன்னா!"

கழற்றியிருப்பார், என்று கோமதிநாயகம் நினைத்தார். அரைமணி நேரம் எதற்கு? கழற்றியிருப்பார். மறந்திருப்பார்.

விரல் கட்டத்தை அழுத்தியது.

'இந்தக் கட்டத்தை மாற்ற உங்களுக்கு உரிமை இல்லை.'

மறுபடி அழுத்தினார்.

'இந்தக் கட்டத்தை மாற்ற உங்களுக்கு உரிமை இல்லை.'

அவருக்குக் கோபம் வந்தது. வடத்தை விட்டுவிட்டு, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, தேர்ச்சீலையைத் தாண்டி எட்டிப் பார்த்தார்.

கம்பத்தில் சாய்த்து, வீதிக்குள் நீட்டிக்கொண்டு ஓர் ஏணி. ஏணியின் உச்சியில் மரியசெல்வம். கம்பியின் ஒரு முனை கழன்று அவர் தோளில் கிடந்தது. மறுமுனை துருப்பிடித்த ஆணியில் இன்னும் இறுகிக் கிடந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கிக்கொண்டிருந்தார். தேர் வர வேண்டிய பாதையில், தேரின் நெஞ்சு உயரத்தில்.

கோமதிநாயகம் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

டீச்சர் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை.

"எத்தனை தடவை, சார்?"

"ரெண்டு, டீச்சர். ரெண்டு தடவை."

ஆணி கழன்றது. மரியசெல்வம் கம்பியோடு இறங்கினார். ஏணியை ஓரம் கட்டினார். சட்டையில் கையைத் துடைத்து, போனை எடுத்து, நிதானமாக ஒரு தடவை தொட்டார்.

பச்சை.

கொடி அசைந்தது. "தாயே!" என்று ஊர் எழுந்தது. வேட்டு வெடித்தது. கோமதிநாயகம் கண்ணைத் துடைக்காமலே வடத்தை நோக்கி ஓடினார். கையிலிருந்த போனில் அண்ணாச்சி இன்னும் இருந்தார்.

"அப்படி வாங்க வழிக்கு! மாத்திட்டீங்கள்லா?"

"நான் மாத்தலை, அண்ணாச்சி! என்னை மாத்த விடலை!"

"விடலையா? உங்களுக்கே முட்டுக்கட்டை போட்டது எவன்?"

கோமதிநாயகம் மற்றக் கையால் வடத்தைப் பிடித்துக்கொண்டு, மேளத்துக்கு மேலே கேட்கும்படி கத்தினார்.

"நான்தான், அண்ணாச்சி! நான் போட்டது!"