மாணிக்கக் கடிகாரம் பினாங்கு போன கதை

செவ்வந்திநாத ராஜாவுக்குச் சீமையிலிருந்து ஒரு கைக்கடிகாரம் வந்தது. பொன்னால் செய்த வட்டம். அதைச் சுற்றிப் பன்னிரண்டு மாணிக்க மணிகள். அது வந்த நாளிலிருந்து ராஜாவுக்கு வலது கை இருப்பதே மறந்து போயிற்று. வானத்தைக் காட்டினாலும் வாசலைக் காட்டினாலும் இடது கைதான் நீளும். தாம்பூலம் மட்டும் இடது கையால் கொடுக்க முடியவில்லையே என்று அவருக்கு உள்ளூர வருத்தம்.

அந்தச் சமயத்தில் பினாங்கிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே கடை வைத்திருந்த நம்மவர்கள் ஒரு முருகன் கோயில் கட்டியிருந்தார்கள். ராஜா வந்து மூன்று நாள் தங்கிக் கும்பாபிஷேகத்தை நடத்தித் தர வேண்டுமாம். ராஜா கப்பலேறினார். கூடவே அவருடைய விகடகவி குழைக்காதரும், பொக்கிஷ அதிகாரி தாண்டவராயரும் போனார்கள்.

கரை தெரிந்ததும் கப்பல் தலைவர் ராஜாவிடம் வந்தார். "அந்தக் கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். போன மாதம் ஒரு ஜமீன்தார் இந்தத் துறைமுகத்தில் இறங்கினார். விரலில் இருந்த மோதிரம் எப்போது போயிற்று என்றே அவருக்குத் தெரியவில்லை" என்றார்.

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "பெட்டியில் வைக்கவா வாங்கினேன்? மூன்று நாளும் இது என் கையில்தான் இருக்கும். சட்டைக்கை மறைக்கக் கூடாது. என்னைச் சுற்றிக் காவலும் கூடாது. காணாமலும் போகக் கூடாது!"

தாண்டவராயருக்குக் குழைக்காதரைக் கண்டால் ஆகாது. சமயம் பார்த்துக் குனிந்தார். "மகாராஜா, இது புத்தியுள்ளவர் செய்ய வேண்டிய வேலை. குழைக்காதர் பொறுப்பேற்கட்டும். கடிகாரம் போனால் அவர் திரும்பிக் கப்பலேற வேண்டாம்."

"என்ன சொல்கிறீர், குழைக்காதரே?"

ஊரில் குழைக்காதரின் மனைவி மகப்பேற்றுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஆனாலும் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சம்மதம். ஒரே ஒரு வேண்டுகோள். மூன்று நாளும் ஊரார் அந்தக் கடிகாரத்தைப் பார்க்கலாம், தாங்கள் மட்டும் பார்க்கக் கூடாது. மணி தெரிய வேண்டுமானால் என்னைக் கேளுங்கள்."

"இவ்வளவுதானே?" என்றார் ராஜா.

கரையில் இறங்கி நாலடி வைத்திருப்பார்கள். ஒரு வெற்றிலைக் கடை வந்தது. குழைக்காதர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு உரத்த குரலில் கேட்டார்: "அண்ணே, மணி என்ன?"

கடைக்காரர் ராஜாவின் கையைப் பார்த்தார். "ஏங்க, உங்க எஜமான் கையிலயே கட்டியிருக்காரே?"

குழைக்காதர் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தார். நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். "அதை விடுங்க அண்ணே. மணியைச் சொல்லுங்க."

கடைக்காரர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "பத்தே கால்" என்றார்.

ராஜாவின் முகம் சிவந்தது. ஆனாலும் வாக்குக் கொடுத்தாயிற்றே! அடுத்தது ரிக்ஷாக்காரர். அப்புறம் பூக்காரி. அதற்கப்புறம் துணிக்கடை முதலாளி. எல்லோரிடமும் அதே கேள்வி, அதே பெருமூச்சு. மறுநாள் மதியத்துக்குள் கடைத்தெரு முழுவதும் செய்தி பரவிவிட்டது. ராஜா தெருவில் நடந்தால் கேட்காமலே குரல் வரும்: "ராஜா, மணி பதினொண்ணு!" கோயில் குருக்கள்கூட அருகே வந்து, "முகூர்த்தம் ஒன்பதுக்கு. கவலைப்படாதீங்கோ, நாங்களே ஆள் அனுப்பிச் சொல்றோம்" என்று இரக்கத்தோடு சொன்னார்.

அன்று மாலையாகியும் கடிகாரம் பத்திரமாக இருந்தது. தாண்டவராயருக்குப் பொறுக்கவில்லை. துறைமுகத்தில் விசாரித்து, சடையன் என்ற கைதேர்ந்த ஜேப்படிக்காரனைக் கண்டுபிடித்தார்.

"ராஜா கையில் இருப்பதை நாளைக்குள் எடுத்துவிடு. நீயே வைத்துக்கொள்."

சடையன் முகம் கறுத்தது. "எந்தக் கடிகாரம்? அந்த ஓடாத பொம்மையா? ஐயா, எனக்கும் தொழில்ல ஒரு பேர் இருக்கு. அதைப் போய் எடுத்தேன்னா நாளைக்கு நாலு திருடன் என்னை மதிப்பானா?"

"ஐயோ, அது அசல் தங்கமப்பா!"

"அசல்னா அவர் ஏன் ஊரெல்லாம் மணி கேக்கிறாரு?"

தாண்டவராயர் சத்தியம் செய்தார், கையைப் பிசைந்தார், கெஞ்சியும் பார்த்தார். சடையன் அவர் தோளில் தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டான்.

மூன்றாம் நாள் கும்பாபிஷேகம் நல்லபடியாக முடிந்தது. கூட்டம் நெருக்கித் தள்ளியது. ராஜாவின் கையில் எத்தனையோ கைகள் உரசின. கடிகாரம் இருந்த இடத்திலேயே இருந்தது.

மூவரும் படகுத்துறைக்கு வந்தார்கள். கூட்டத்திலிருந்து சடையன் குதித்து வந்து ராஜாவின் உள்ளங்கையில் எதையோ வைத்தான்.

"ராஜா, உங்களைப் பாக்கப் பாவமா இருக்கு. இது வெள்ளிதான். ஆனா நல்லா ஓடுது. வச்சுக்கோங்க!"

ராஜா பார்த்தார். தாண்டவராயர் எப்போதும் மடியில் செருகியிருக்கும் வெள்ளிக் கடிகாரம்! தாண்டவராயர் பதறிப்போய் மடியைத் தடவினார். மடி காலி.

"இது உனக்கு எப்படிக் கிடைத்தது?" என்றார் ராஜா.

"இந்த ஐயாதான் உங்க பொம்மையைத் திருடச் சொல்லி என்னைக் கூப்பிட்டாரு. எனக்கு ஒரே அவமானமாப் போச்சு. அதான் தோள்ல தட்டுறப்பவே இவர்கிட்ட எடுத்துட்டேன்."

சொல்லிவிட்டுச் சடையன் கூட்டத்தில் மறைந்துபோனான். ராஜா தாண்டவராயரின் இடுப்பிலிருந்த பொக்கிஷச் சாவிக்கொத்தை வாங்கிக் குழைக்காதரின் கையில் கொடுத்தார். குழைக்காதருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

படகில் ஏறி உட்கார்ந்ததும் ராஜாவுக்கு மூன்று நாள் பட்ட வெட்கமெல்லாம் பொங்கி வந்தது.

"எல்லாம் சரி, குழைக்காதரே! கையில் இத்தனை மணி இருக்க, ஊரெல்லாம் என்னை மணி கேட்க வைத்துவிட்டீரே! இது நியாயமா?"

குழைக்காதர் கைகூப்பினார். "மகாராஜா, ஊரெல்லாம் மணி கேட்டதால்தானே கையில் இத்தனை மணி இருக்கிறது!"

ராஜா சிரித்த சிரிப்பில் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.