கத்துவதற்கு முன் ஒரு மூச்சு

காட்டுக் குளத்தில் மான்கள் தண்ணீர் குடிக்கும்போது காவல் பார்ப்பது இருவர் வேலை. காலையில் செங்கண்ணி என்ற ஆள்காட்டிக் குருவி. மாலையில் நெட்டைவாலன் என்ற குரங்கு.

நெட்டைவாலனுக்குக் கண் கூர்மை, நெஞ்சுதான் கோழை. எதைக் கண்டாலும், "ஐயோ! வந்துருச்சு! வந்துருச்சு!" என்று மரத்தை உலுக்கும். எது வந்தது, எங்கே வந்தது என்று தெரியாமல் மான்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்.

செங்கண்ணி அப்படியில்லை. "சிறுத்தை! மூங்கில் பக்கம்! மேட்டுக்கு ஓடுங்க!" என்று கணீரென்று சொல்லும். மான்கள் புகழப் புகழ அதற்குத் தலைகால் புரியவில்லை.

"எனக்கும் அந்த வித்தையைச் சொல்லிக் கொடேன், அக்கா!" என்று கெஞ்சியது குரங்கு.

"அதெல்லாம் பிறவியிலேயே வரணும்!" என்றது செங்கண்ணி. சொல்லிவிட்டால் தன்னை யார் மதிப்பார்கள் என்ற பயம் அதற்கு.

அந்தப் பருவத்தில் செங்கண்ணி மேட்டுச் சரளையில் முட்டையிட்டு அடைகாத்தது. ஒரு மாலை, மரத்திலிருந்து குரங்கின் குரல் கணீரென்று கேட்டது.

"சிறுத்தை! மூங்கில் பக்கம்! மேட்டுக்கு ஓடுங்க!"

செங்கண்ணி மூங்கிலைப் பார்த்தது. அங்கே ஒன்றுமில்லை. திரும்பினால், சிறுத்தை மேட்டுப் பாறையின் மேலேயே பதுங்கி நின்றது! மான்கூட்டமோ மேட்டை நோக்கி, முட்டைகளை நோக்கிப் பாய்ந்து வந்தது.

செங்கண்ணிக்கு உயிரே போய்விட்டது. சிறகை விரித்துக் குளம்புகளுக்கு நடுவே நின்று அலறியது. "சிறுத்தை! மேட்டு மேலே! புல்வெளிக்கு ஓடுங்க!"

மான்கள் சட்டென்று திரும்பின. சிறுத்தை ஏமாந்து போனது. முட்டை ஒன்று குளம்புத் தடத்துக்குள் உருண்டு கிடந்தது. நல்லவேளை, உடையவில்லை.

"ஏன்டா இப்படிப் பொய்யாக் கத்தினே?"

"பொய்யா? நீ கத்துறதைத்தானே ஒரு எழுத்து மாறாம அப்படியே கத்தினேன்!" என்றது குரங்கு, அழாத குறையாக.

செங்கண்ணிக்குக் கோபம் போய் வெட்கம் வந்தது. பிழை யாருடையது என்று அதற்குத் தெரியாதா?

"கேட்டுக்க. கத்துறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு வாயை மூடு. என்ன வருது, எங்கிருந்து வருது, எங்கே ஓடணும்னு நல்லாப் பாரு. அப்புறம் கத்து."

"இவ்வளவுதானா? இதையா இத்தனை நாளாப் பொத்தி வெச்சிருந்தே!"

"இவ்வளவுதான்டா" என்று தலையைத் தொங்கப் போட்டது குருவி.

சில நாள் கழித்து, மாலையில் மரம் லேசாகக் குலுங்கியது. செங்கண்ணிக்குத் திக்கென்றது. ஒரு மூச்சு அமைதி. பிறகு குரங்கின் குரல்.

"செந்நாய்! மூங்கில் பக்கம்! தண்ணிக்குள்ள இறங்குங்க! மேட்டுப் பக்கம் மட்டும் யாரும் போகாதீங்க, குருவி முட்டை இருக்கு!"

மான்கள் ஒழுங்காகத் தண்ணீரில் இறங்கின. அந்தக் கடைசி வார்த்தைகளைச் செங்கண்ணி சொல்லிக் கொடுக்கவே இல்லை! அது சிரித்துக்கொண்டே முட்டைகளின் மேல் உட்கார்ந்து, முதன்முறையாக அடுத்தவர் காவலில் நிம்மதியாகக் கண் அயர்ந்தது.

தனக்குத் தெரிந்த நல்வழியை உடன் உழைப்பவருக்குச் சொல்லிக் கொடுத்தவருக்கே நிம்மதியான உறக்கம் வாய்க்கும்.