இரண்டு கோட்டுக்கு நடுவில்

கோணமடைக்காரர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால் சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். எள்ளளவு கூடாது, எள்ளளவு குறையாது. பயமே அதுதான்.

அந்த ஊரில் இன்னாசி, தொம்மை, சிலுவை என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூவருக்கும் பொதுவாக ஒரு பழைய வெள்ளைக் கார். கடைசித் தம்பி சிலுவையின் மனைவி பிலோமிக்கு நிறைமாதம். மிஷன் ஆஸ்பத்திரி பன்னிரண்டு மைலில் இருந்தது. பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. பிள்ளை பஸ் நேரம் பார்த்துப் பிறக்கும் என்று பிலோமிக்கு நம்பிக்கை இல்லை. தலைப்பிரசவம் வேறு.

"ஏங்க, அந்தக் கார் மூணு வாரமா சும்மா நிக்குது. மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க. எனக்கு நெஞ்செல்லாம் அடிச்சுக்குது" என்று அவள் சொல்லிச் சொல்லி, வெள்ளிக்கிழமை ரபீக் பாய் வந்தார். தங்கச்சி கல்யாணத்துக்கு பஸ் பிடிக்கிற அவசரத்தில் இருந்தார். நின்றபடியே அவர் சொல்ல, இன்னாசி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டான்.

"வண்டிய சமதளத்துல நிறுத்துங்க. என்ஜின் ஆறட்டும். ஆயில் கம்பிய உருவி, சுத்தமான துணியால துடைச்சு, திரும்ப உள்ள விட்டு எடுத்துப் பாருங்க. கம்பியில ரெண்டு கோடு இருக்கும். ஆயில் அதுக்கு நடுவுல நிக்கணும். கறுத்திருந்தா கீழ போல்ட்டக் கழட்டி வடிச்சுட்டு, மேல புது ஆயில் ஊத்துங்க. ஒன்னு மட்டும் ஞாபகம் வைங்க. ஆயில் இல்லாம வண்டிய எடுத்துறாதீங்க, என்ஜின் ஜாம் ஆயிரும்."

கழற்றிய போல்ட்டைத் திரும்ப மாட்ட வேண்டும் என்று பாய் சொல்லவில்லை. அதையும் ஒருவருக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று பாவம் அவருக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை மூவரும் சமதளம் தேடிக் கிளம்பினார்கள். சமதளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சிலுவைக்குத்தான் யோசனை வந்தது. ஒரு எலுமிச்சம்பழத்தை வாசலில் வைத்தான். அது உருண்டது.

"இது சமதளம் இல்ல" என்றான் இன்னாசி.

பழம் தெருவில் உருண்டுகொண்டே போனது. மூவரும் கைகட்டி மரியாதையாகப் பின்னால் போனார்கள். மூன்று தெருவும் கூடுகிற சந்தியில், நட்ட நடுவில், பழம் நின்றது. காரைத் தள்ளிக்கொண்டு போய் அங்கேயே நிறுத்தினார்கள். பழம் சிலுவையின் சட்டைப்பைக்குப் போனது.

அடுத்த நிமிஷமே பால் வேன் ராயப்பன் வந்து ஹாரன் அடித்தான்.

"யோவ், வண்டிய ஓரமா எடுங்கய்யா! பால் திரிஞ்சுரும்!"

"எடுக்கலாம் ராயப்பா" என்றான் தொம்மை அமைதியாக. "சமதளத்தை எப்படி எடுக்கிறது?"

ராயப்பன் வேனைத் திருப்பிக்கொண்டு சுற்றுவழியில் போனான்.

அடுத்தது என்ஜின் ஆற வேண்டும். மூன்று வாரமாக ஓடாத என்ஜின்தான். ஆனால் சித்திரை வெயிலில் பானெட்டைத் தொட்ட தொம்மை கையை உதறினான்.

"அண்ணே, கொதிக்குது!"

"அப்போ நேத்து ராத்திரி எங்கயோ போய்ட்டு வந்திருக்கு" என்றான் இன்னாசி.

ஆளுக்கொரு குடை பிடித்தார்கள். ஈரச்சாக்கு போட்டார்கள். பனையோலை விசிறியால் விசிறினார்கள். சாயங்காலம் நாலரை மணிக்கு என்ஜின் ஆறியதாக இன்னாசி அறிவித்தான்.

இனி சுத்தமான துணி. இன்னாசியின் துண்டை தொம்மை மோந்து பார்த்து வேண்டாம் என்றான். தொம்மையின் வேட்டியைப் பற்றிப் பேச்சே எழவில்லை. வீடு முழுக்கத் தேடியதில், இருப்பதிலேயே சுத்தமான துணி பிலோமியின் தகரப்பெட்டியில் இருந்தது. பிறக்கப்போகிற பிள்ளைக்காக அவள் பழைய நூல்சேலையைக் கிழித்து, வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து மடித்து வைத்திருந்த பன்னிரண்டு துணி.

கம்பியை உருவித் துடைத்தார்கள். துணி கறுத்தது. உள்ளே விட்டு எடுத்தார்கள்.

"திரும்பவும் எண்ணெய் ஒட்டியிருக்கேடா!"

"சரியாத் துடைக்கலண்ணே. இன்னொரு துணி எடு."

பன்னிரண்டாவது துணியும் கறுக்கும்போது பிலோமி வந்து சேர்ந்தாள். அவள் போட்ட சத்தத்தில் சந்தியில் படுத்திருந்த ஆடுகள் எழுந்து நின்றன. துடைப்பது அத்தோடு நின்றது.

பிறகு மூவரும் கம்பியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே, ஒரு விரற்கடை தள்ளி நின்றது.

"நடுவுல நிக்கணும்னு பாய் சொன்னாரு" என்றான் தொம்மை. "நிக்கலயே."

இன்னாசி நெடுநேரம் யோசித்தான். "எண்ணெய் தப்பு பண்ணாதுடா. அது பாட்டுக்கு உள்ள கிடக்கு, அதுக்கு என்ன தெரியும்? கோடுதான் இடம் மாறிப் போட்டிருக்கான். சிலுவை, அரத்தை எடு."

சிலுவை அரத்தை எடுத்து, பழைய கோடுகளை ராவிவிட்டு, எண்ணெய்க்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று புதிதாக இரண்டு கோடு போட்டான். எண்ணெய் நடுவில் வந்துவிட்டது. அரமும் எலுமிச்சம்பழத்தோடு சட்டைப்பைக்குப் போனது.

"ஏங்க, எண்ணெய் ஊத்தச் சொன்னாரா, கோடு போடச் சொன்னாரா?" என்றாள் பிலோமி.

"நடுவுல இருக்கணும்னு சொன்னாரு. இருக்கா இல்லையா, நீயே பாரு."

இருந்தது. பிலோமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தோணியார் படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் எண்ணெய் வடிக்கிற வேலை. தொம்மை காருக்கு அடியில் படுத்து போல்ட்டைக் கழற்றினான். கறுப்பு எண்ணெய் கொட்டியது. ஏந்துவதற்கு, பிள்ளையைக் குளிப்பாட்ட வாங்கிய நீல பேசன் வாகாக இருந்தது. இன்னாசி மேலே புது டின்னை உடைத்து ஊற்றினான். சிலுவை கம்பியை விட்டுப் பார்த்தான்.

"ஒன்னும் இல்லண்ணே."

"இப்பத்தானடா ஊத்தினேன்?"

"இங்க வந்துருச்சு" என்றான் தொம்மை அடியிலிருந்து. "கறுப்பாத்தான் வருது."

பேசனில் கிடந்த பழைய எண்ணெயில் விழுந்தால் பின்னே எப்படி வரும்?

"கறுத்திருந்தா வடிச்சுட்டு ஊத்தச் சொன்னாரே. அது தானே வடிச்சுக்குது. நல்ல வண்டி" என்றான் இன்னாசி. பேசனை வாங்கி மேலே ஊற்றினான். அது கீழே வந்தது. மறுபடி ஊற்றினான். மூவருக்கும் கை படிந்துவிட்டது. பதினான்காவது முறை ஊற்றும்போது பிலோமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சந்திக்கே நடந்து வந்தாள்.

"வலி வந்துருச்சு. வண்டிய எடுங்க!"

"ஆயில் நிக்க மாட்டேங்குது பிலோமி."

"கழட்டுன போல்ட் எங்க?"

"பத்திரமா இருக்கு" என்று தொம்மை மடியைத் தட்டிக் காட்டினான். "தொலைஞ்சிரக் கூடாதுன்னு மூணு முடிச்சு போட்டு வச்சிருக்கேன்."

பிலோமி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வலி வந்து அவளை மடக்கிவிட்டது. மூவரும் அவசரமாக விவாதித்தார்கள்.

"ஆயில் இல்லாம வண்டிய எடுக்கக் கூடாது."

"ஆமா."

"அப்போ ஆயிலையும் எடுத்துட்டுப் போவோம்."

பிலோமியைப் பின்சீட்டில் உட்காரவைத்து, பேசனை அவள் மடியில் வைத்தார்கள். "சிந்தாம பிடிச்சுக்க தாயி" என்றான் இன்னாசி. கார் கிளம்பியது. இரண்டு மைல் போவதற்குள் என்ஜின் ஒரு தடவை அலறி, பிறகு ஒரேயடியாக நின்றுவிட்டது.

"சிந்திட்டியா?" என்று கேட்டான் சிலுவை.

பிலோமி பேசனை அவன் கையில் கொடுத்தாள், கதவைத் திறந்தாள், நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் விரித்தாள். பின்னால் வந்துகொண்டிருந்த ராயப்பனின் பால் வேன் கிறீச்சிட்டு நின்றது. கேன்களுக்கு நடுவில் அவள் ஏறி உட்கார்ந்ததும் வேன் பறந்தது.

அண்ணன் தம்பிகள் காரைத் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. பிள்ளை பிறந்திருந்தது. பெண் பிள்ளை. பேசனைக் குழாயடியில் தேய்த்துக் கழுவிக் கையில் எடுத்துக்கொண்டு தொம்மையும் மற்றவர்களோடு உள்ளே போனான்.

நர்ஸ் சிஸ்டர் பிள்ளையை எடைத்தட்டில் கிடத்தினார். கண்ணாடி உடைந்துபோன பழைய தராசு. தகர முகப்பில் சிவப்பாக ஒரு கோடு. முள் அதற்கு ஒரு மயிரிழை கீழே நின்றது.

"சிவப்புக் கோட்டைத் தொடணும். கொஞ்சம் கம்மி" என்றார் சிஸ்டர். "பயப்படாதேம்மா, பால் கொடுத்தா ஏறிரும்."

பயப்படாதே என்றதும்தான் பிலோமிக்குப் பயம் வந்தது. கட்டிலில் இருந்தபடியே முள்ளைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், மறுபடி முள்ளைப் பார்த்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"சிஸ்டர், தராசு சமதளத்துலதான் இருக்கா?" என்று சிலுவை எலுமிச்சம்பழத்தை எடுத்து மேஜையில் வைத்தான். பழம் அசையவில்லை. அண்ணன் தம்பிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சிஸ்டர் துண்டு எடுக்கத் திரும்பினார். அந்த நேரம் போதுமாக இருந்தது.

"அழாத பிலோமி" என்று சிலுவை தகரப்பொடியை ஊதினான். "இப்பப் பாரு."

பழைய கோட்டுக்குக் கீழே பளபளவென்று ஒரு புதுக் கோடு. முள் அதன்மேல் அச்சாக நின்றது. பிலோமி அழுதபடியே பார்த்தாள். இரண்டு நாளில் முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது பிள்ளை காலை உதைத்து, தட்டிலேயே மூத்திரம் பெய்தது.

தொம்மை காலையில் எண்ணெய் ஏந்திய பழக்கத்தில் கண்ணிமைப்பதற்குள் பேசனைக் கீழே நீட்டி, ஒரு சொட்டு விடாமல் ஏந்தினான். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்.

"கறுக்கலண்ணே. மாத்த வேண்டியதில்ல."

ஆனால் இன்னாசி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது புதுக் கோட்டுக்குக் கீழே மெல்ல இறங்கியிருந்தது.

"சிலுவை," என்றான், "அரத்தை எடு."