தண்ணீரில் இருந்த வளையம்

சீடருக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. பாளையங்கோட்டையில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் குறைவு. அவர்கள் இருவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. நாமும் விட்டுவிடலாம்.

குருவின் பெயர் ஹமீதா. கல்யாண ஸ்டுடியோ வைத்திருந்தார். முகூர்த்தம் இல்லாத நாட்களில் கேமராவைத் தூக்கிக்கொண்டு குளம் குளமாகப் பறவைகளைப் பார்க்கப் போவார். கேட்டு வந்தவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பார்.

சீடர் இசக்கியப்பன், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். காது சற்று மந்தம் என்பதால் இடது காதில் கருவி மாட்டியிருப்பார். யாராவது அவரைப் படம் எடுக்க வந்தால் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். மகள் கல்யாண ஆல்பம் முழுக்க அப்படித்தான் நிற்கிறார். எந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார்கள் என்று கேட்காததால், பாதிப் படங்களில் பந்திப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. மழை முடிந்ததும் வடக்கேயிருந்து வேப்பங்காட்டுக் குளத்துக்குப் புள்ளிக் கழுகு வரும். தண்ணீருக்குள் பட்டுப்போய் நிற்கும் கருவேல மரங்களில் உட்காரும். அதைச் சாமி படைத்த கோலத்திலேயே ஒரு படம் எடுத்துவிட வேண்டும். பெரிய லென்ஸ் வாங்கியதும் அதற்காகத்தான்.

குறுக்கே வந்தவள் ஜெசிந்தா. கழுகுகள் எங்கே போகின்றன, எங்கே சாகின்றன என்று ஆராய்ச்சி செய்கிற பெண். போன குளிர்காலத்தில் இந்தக் குளத்தில் ஒரு பெண் கழுகைப் பிடித்து, காலில் எழுத்துப் போட்ட மஞ்சள் வளையமும் முதுகில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவியும் மாட்டி விட்டிருந்தாள். கருவி வெயிலில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, கழுகு இருக்கும் இடத்தை அவளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி வால் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும்.

அந்தக் கம்பியைப் பார்த்தாலே இசக்கியப்பனுக்கு எரிச்சல் வரும். ஆயுசு முழுக்கக் கம்பியைத்தான் பார்த்தேன், கழுகு முதுகிலுமா என்பார்.

ஒரு நாள் குருவிடம் கேட்டே விட்டார்.

"டீச்சர், காட்டுப் பறவையைக் காட்டுப் பறவையாவே எடுக்க என்ன வழி?"

ஹமீதா லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"படத்தோட வாங்க அண்ணாச்சி. அப்புறம் பேசுவோம்."

தை மாதம் அவர் படத்தோடு வந்தார். சும்மா வரவில்லை, பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் போட்டு, வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்தார். அசையாத தண்ணீருக்கு மேலே தாழ்ந்த கிளையில் கழுகு. காலில் வளையம் இல்லை, முதுகில் கருவி இல்லை, கம்பியும் இல்லை. வாட்ஸாப் குழுவில் போட்டதும் கைதட்டு குவிந்ததாகச் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், பேரன் பிறந்தபோதுகூட அப்படி மலரவில்லை.

ஹமீதா படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு அதைத் தலைகீழாகச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"டீச்சர், மாத்தி வச்சிருக்கீங்க."

"தெரியும். இப்பப் பாருங்க."

இசக்கியப்பன் பார்த்தார். இப்போது தண்ணீரில் இருந்த நிழல்தான் நேராக உட்கார்ந்திருந்தது. நிழலின் காலில் மஞ்சளாக ஒரு வளையம் இருந்தது. வாலுக்குப் பின்னால் கம்பியும் நீட்டிக்கொண்டிருந்தது.

"மேல நல்லாத் துடைச்சிருக்கீங்க. தண்ணியை மறந்துட்டீங்க."

அவருக்கு மானம் போய்விட்டது. மானம் போன மனுஷனுக்குக் கோபம்தானே முதலில் வரும். இந்த ஸ்டுடியோவில் உட்கார்ந்துதான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன், கல்யாணப் பெண்ணுடைய முகத்தில் மருவை எடுத்தால் தொழில், நான் கழுகு காலில் வளையத்தை எடுத்தால் திருட்டா என்று ஒரு பாட்டம் பேசித் தீர்த்தார்.

 அவர் மூச்சு வாங்க நிறுத்தியதும் ஹமீதா சொன்னார்.

"அவங்க கேக்காங்க, எடுக்கேன். கழுகு கேட்டுச்சா?"

இசக்கியப்பன் படத்தைச் சுற்ற வேட்டியைத் தேடினார். ஆனால் ஹமீதா படத்தை விடவில்லை. குனிந்து அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், வளையத்தில் என்ன எழுத்து இருந்தது என்று கேட்டார். இசக்கியப்பனுக்குத் தெரியாது. அழிக்கப் போகிற எழுத்தை யார் படிப்பார்கள்? முதலில் எடுத்த படம் இருக்கிறதா என்றார். அதுவும் இல்லை. முடித்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்துவிடுவது அவர் வழக்கம். வீட்டையும் அப்படித்தான் சுத்தமாக வைத்திருப்பார்.

ஹமீதா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். 

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். ஜெசிந்தாவின் கழுகு போன பங்குனியில் வடக்கே கிளம்பியது. பாதி வழியில் கருவியின் பேச்சு நின்றுபோனது. அப்புறம் ஒரு தகவலும் இல்லை. மேலிடத்தில் செத்துப்போனதாகவே முடிவு கட்டிவிட்டார்கள். கருவியைக் கட்டிய வாரைத் தன் கையால் தைத்தவள் ஜெசிந்தா. காலம் போனால் நூல் மக்கி, கருவி தானாகக் கழன்று விழ வேண்டும், பறவைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று பார்த்துப் பார்த்துத் தைத்தாள். இப்போது, அந்த வார் இறுகித்தான் கழுகு செத்தது, கொன்றவள் நான் என்று இருக்கிறாள். மிச்சக் கருவிகளைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். இனி எந்தப் பறவையையும் தொட மாட்டேன் என்று இந்த ஸ்டுடியோவில் உட்கார்ந்துதான் அழுதுவிட்டுப் போனாள்.

இசக்கியப்பனுக்குக் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அப்போ இது அதுதானா? இப்பவே அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லிருவோம் டீச்சர்."

"மஞ்சள் வளையம் வேற ஊர்க்காரங்களும் போடுதாங்க. எழுத்து தெரியாமச் சொல்லக் கூடாது. ஒரு சாவை அவ தாங்கிட்டா. இது இல்லைன்னு ஆச்சுன்னா இன்னொரு சாவு."

"நீங்க வந்து எடுங்க டீச்சர். உங்க கை பட்டா..."

"நீங்க அழிச்சது. நீங்கதான் கொண்டு வரணும்."

மறுநாள் விடியும்போதே அவர் குளத்தில் இருந்தார். கரையோரச் சம்புக் கோரைக்குள் மறைப்பு வலையைக் கட்டி அதற்குள் உட்கார்ந்துகொண்டார். கழுகு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நாரை வந்தது, கொக்கு வந்தது, அவர் முன்னால் வந்து அழகழகாக நின்றது. எதையும் எடுக்க மனசில்லை. மாசி பிறந்தது. வெயில் ஏற ஏறக் குளம் சுருங்கியது. பங்குனியில் கழுகு கிளம்பிவிடும். ஒரு படத்துக்காக ஒரு பெண்ணின் கண்ணீரைத் துடைக்கிற எழுத்தையே அழித்துவிட்டோமே என்று தனக்குத்தானே புலம்புவார். மனைவி சாப்பாடு கட்டிக் கொடுக்கும்போது, கழுகுக்கும் சேர்த்துக் கட்டட்டுமா என்று கேட்டாள். அவர் சிரிக்கவில்லை.

படம் எடுக்கப் போகும்போது காதுக் கருவியை வீட்டில் வைத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். காற்று அதில் பட்டு இரையும். ஒரு நாள் காலை ஏதோ நினைப்பில் அதை மாட்டிக்கொண்டே போய்விட்டார். இரைச்சல் தாங்கவில்லை. கழற்றிவிடலாம் என்று கையைக் கொண்டுபோனார்.

அப்போது முதுகுக்குப் பின்னால் கழுகு கத்தியது.

மெதுவாகத் திரும்பினார். மரத்தில் இல்லை. மதகுச் சுவரின் மேல், இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பெரிய லென்ஸுக்குள் முழுக் கழுகும் அடங்கவில்லை. தலை வேண்டுமென்றால் கால் போகும், கால் வேண்டுமென்றால் தலை போகும். இத்தனை வருஷம் அவர் கனவில் கண்ட கண், அலகு, பிடரி எல்லாம் காலை வெயிலில் ஜொலித்துக்கொண்டிருந்தது.

அவர் கேமராவைத் தாழ்த்திக் கழுகின் காலுக்கு நேராக வைத்தார். எடுத்தார். எடுத்துக்கொண்டே இருந்தார். கழுகு எழுந்து பறந்தபோது அதன் முதுகையும் விடாமல் எடுத்தார்.

ஸ்டுடியோவில் ஹமீதா படத்தைத் திறந்தார். கழுகுக்குத் தலையே இல்லை. இரண்டு கால், கொஞ்சம் வயிறு, மஞ்சள் வளையம். அதில் எழுத்து அச்சடித்த மாதிரி தெரிந்தது. அவர் அதை உடனே ஜெசிந்தாவுக்கு அனுப்பினார்.  பிறகு போன் அடித்தது. ஹமீதா ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம், அதேதான், அதேதான் என்ற அழுகை கேட்டது. இசக்கியப்பனும் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அதை மறைக்க அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் ஜெசிந்தா குளத்துக்கே வந்துவிட்டாள். கரையில் உட்கார்ந்து எல்லாப் படங்களையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். இந்த முறை இசக்கியப்பன் ஒன்றைக்கூட அழிக்கவில்லை. மங்கலானது, ஆடியது, வெறும் வானம் எல்லாம் அப்படியே இருந்தன. பறக்கும் படம் ஒன்றில் முதுகு தெரிந்தது. வார் இறுகவில்லை, சுற்றியிருந்த சிறகும் கலையவில்லை. புதுச் சிறகு வளர்ந்து கருவியின் மேல் மூடியிருந்தது, அவ்வளவுதான். வெயில் படாமல் அது ஊமையாகிவிட்டது. அடுத்ததில் கருவியைக் கொஞ்சம் உயர்த்தி வைக்க வேண்டும் என்று ஜெசிந்தா தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு, பீரோ சாவியை எங்கே வைத்தேன் என்று தேட வேண்டும் என்றாள்.

அதைக் கேட்டு ஹமீதா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

இசக்கியப்பன் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், காட்டுப் பறவையாவே எடுக்க வழி கேட்டேனே, நீங்க இன்னும் பதில் சொல்லலையே."

ஹமீதா குளத்தைப் பார்த்தார். தூரத்துக் கருவேலத்தில் கழுகு திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. தண்ணீரில் அதன் நிழலும் இருந்தது.

அவர் வாயைத் திறப்பதற்குள் ஜெசிந்தா செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கழுகு பின்னால் தெரிகிற மாதிரி இரண்டு பேரும் சேர்ந்து நில்லுங்கள், இன்றைக்கு ஒரு படமாவது எடுக்காமல் விட மாட்டேன் என்றாள். இசக்கியப்பன் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். தலையைக் கோதிக்கொண்டார். பழக்க தோஷத்தில் காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார்.

ஹமீதா ஏதோ சொன்னார்.

அவருக்குக் கேட்கவில்லை. "என்னது?" என்றார்.

ஹமீதா அவர் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார். அவர் கருவியை எடுத்து மறுபடி மாட்டிக்கொள்ளும் வரை காத்திருந்துவிட்டு, திரும்பச் சொன்னார்.

"போட்டுக்கிட்டே நில்லுங்க அண்ணாச்சி. கழுகு கூப்பிட்டா உங்களுக்குக் கேக்கணும்லா."