கடைசிப் பக்கத்துச் சொல்

"ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க மேடம். இல்லேன்னா சாயங்காலத்தோட என் கதை முடிஞ்சிரும்."

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சங்கரபாண்டியன் கேட்டுவிட்டார்.

பொற்கொடி பாளையங்கோட்டையில் இணையதள வடிவமைப்பு சொல்லிக்கொடுப்பவள். அவளைவிட அவளுடைய சீடர் சங்கரபாண்டியனுக்கு வயது அதிகம், அவசரம் அதைவிட அதிகம். பந்தல், சமையல், மேளம் என்று நல்லது கெட்டதுக்கு வேண்டிய ஆட்களை வீட்டிலிருந்தே பிடித்துக்கொள்ள அவர் ஒரு தளம் கட்டியிருந்தார்.

"என்ன ஆச்சு சார்?"

"வேலாயுதம்னு ஒருத்தர். நேத்து அவங்க அப்பா தவறிட்டாங்க. நம்ம தளத்துலதான் பந்தலும் நாற்காலியும் கேட்டிருக்காரு. எல்லாம் நேரத்துக்குப் போயிட்டு. ஆனா கடைசிப் பக்கத்துல..."

"கடைசிப் பக்கத்துல?"

"'வாழ்த்துகள்! மீண்டும் வருக'ன்னு வந்திருக்கு."

பொற்கொடி கண்ணை மூடிக்கொண்டாள்.

"பந்தல் போட்ட இசக்கிமுத்து அண்ணாச்சிக்குத்தான் ஏச்சு. அவரு என் வாசல்ல வந்து நின்னு கத்திட்டு, வாரேன்னுகூடச் சொல்லாமப் போயிட்டாரு. இன்னிக்குப் பந்தல்காரங்க சங்கத்துல கூடுதாங்க. மொத்தப் பேரும் விலகிட்டா தளத்தை இழுத்து மூட வேண்டியதுதான். 'ஆழ்ந்த இரங்கல்'னு போடட்டுமா? 'துயரில் பங்கு கொள்கிறோம்'? எதைப் போட?"

"வண்டியை எடுங்க" என்றாள்.

தளத்தில் பதிவாகியிருந்த விலாசத்தைப் பார்த்து அவள் சொன்ன வழியில் போனால் வேலாயுதத்தின் தெரு வந்தது. சங்கரபாண்டியன் வண்டியை நிறுத்தினார்.

"மேடம், அடி விழும்."

அவள் இறங்கி நடந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் பின்னால் போனார்.

பந்தலில் நிறையப் பேர் இருந்தார்கள். ஒருவரும் வாங்க என்று சொல்லவில்லை.

வாசலில் வேலாயுதம் நின்றிருந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. சங்கரபாண்டியன் துக்கம் கேட்க இரண்டு கைகளையும் நீட்டினார்.

"நீங்க?"

"அந்தத் தளம்... நான்தான் நடத்துதேன்."

வேலாயுதத்தின் தாடை இறுகியது. நீட்டிய கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். சங்கரபாண்டியனுக்கு அவற்றை இழுத்துக்கொள்ளவும் பயம், நீட்டியிருக்கவும் பயம்.

கடைசியில் வேலாயுதம் தொட்டான். தொட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பொற்கொடியும் சங்கரபாண்டியனும் கொஞ்ச நேரம் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவள் சட்டென்று எழுந்து தெருவைப் பார்த்து நடந்தாள்.

சங்கரபாண்டியனும் எழுந்தார். பழக்கதோஷத்தில் வேலாயுதத்தின் பக்கம் திரும்பினார். வாய் திறந்துவிட்டது.

வேலாயுதம் நிமிர்ந்து பார்த்தான்.

வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தார்.

தெருமுனையில் பொற்கொடி கேட்டாள்.

"சொல்லாமக் கொள்ளாம வந்துட்டீங்களே சார்?"

"என்ன மேடம் இது? சாவு வீட்டுல போயி, போயிட்டு வாரேன்னு எப்படி..."

பாதியில் நின்றுவிட்டார்.

அங்கேயே, மிச்சப் பந்தல் கம்புகள் ஏற்றிய வேனில் சாய்ந்தபடி இசக்கிமுத்து நின்றுகொண்டிருந்தார். முகம் இன்னும் கடுகடுவென்றுதான் இருந்தது.

"சங்கத்துல கேப்பாவ. அந்தக் கடைசிப் பக்கத்துல என்னதான் எழுதப்போறீரு?"

"சாவு வீட்டுக்குன்னா ஒண்ணும் எழுதல அண்ணாச்சி."

இசக்கிமுத்து அவரை மேலும் கீழும் பார்த்தார். வேனில் ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார்.

பிறகு தலையை வெளியே நீட்டினார்.

"அப்ப வாரேன்" என்றார்.